குப்பைக்கு அளவு பார்த்துக் காசு: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒத்து வருமா?

அதியமான்மண் (தர்மபுரி):
சொத்து வரி ரசீதில் திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். நம்மில் பலர் அதைப் படித்துப் பார்ப்பதே இல்லை. அது வீட்டைப் பார்த்துப் போடுகிற கட்டணம், குப்பையைப் பார்த்துப் போடுகிறது இல்லை. காய்கறித் தோலை மாடித் தோட்டத்துக்கே போட்டுவிடுகிற வீட்டுக்கும், தினம் இரண்டு பை கட்டி வாசலில் வைக்கிற வீட்டுக்கும் ஒரே பணம். பிறகு யார் பிரித்துக் கொடுப்பார்கள்?

மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. குப்பைக்கும் அப்படி இருந்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. தென்கொரியாவில் 1995 ஜனவரியில் நாடு முழுக்க இதைக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னால் அங்கேயும் நம்மைப் போலத்தான், கட்டடத்தின் அளவு, சொத்து வரி என்று பார்த்துக் குப்பைக் கட்டணம். 1995-க்குப் பிறகு கடையில் விற்கிற குறிப்பிட்ட பையில் போட்டால்தான் வண்டிக்காரர் எடுப்பார். பையின் விலையிலேயே கட்டணம் அடங்கிவிடும். மறுசுழற்சிக்குப் போகிற பொருளுக்குக் காசு கிடையாது. அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்காது? சொல்லுங்கள்.

பழையபேட்டைக்காரன் (கிருஷ்ணகிரி):
பைக்குக் காசு என்று அறிவித்த அன்று ராத்திரியே ஏரிக்கரை நிரம்பிவிடும். உங்கள் ஊர் சனத்குமார நதியை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் கொரியாவுக்குப் போகலாம். சும்மா எடுத்துக்கொண்டு போகிறேன் என்று வண்டி வரும்போதே கொடுக்காதவர்கள், காசு கேட்டால் கொடுப்பார்களா?

கணக்குப்பிள்ளை:
பழையபேட்டைக்காரர் சொல்கிற பயத்துக்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து சார்லட்ஸ்வில் என்ற சிறிய ஊரில் 1992-இல் பைக்கு 80 சென்ட் ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஃபுல்லர்டன், கின்னமன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 75 வீடுகளின் குப்பையை விதி வருவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்து 1996-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பைகளின் கொள்ளளவு 37 சதவீதம் குறைந்தது. எடை எவ்வளவு குறைந்தது தெரியுமா? 14 சதவீதம்தான்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் காலால் மிதித்து வந்தது. பைக்குக் காசு என்றதும் ஒரே பையில் அமுக்கி அமுக்கித் திணித்திருக்கிறார்கள். சியாட்டில் நகரில் தொட்டிக் கணக்கில் வசூலித்தபோதும் இதே கதைதான். தொட்டிக்குள் ஏறி மிதிப்பதை ஊர்ப் பெயரோடு சேர்த்தே கிண்டல் பண்ணினார்கள்.

இன்னொன்று. குறைந்ததாகத் தெரிந்த எடையில் கால் பங்குக்கு மேல் வேறெங்கோ கொட்டப்பட்டிருக்கலாம் என்பது அவர்களுடைய கணிப்பு. அதாவது பணக்கார நாட்டில், ஒழுங்காக வண்டி வருகிற ஊரிலேயே இந்தக் கதை. அதே சமயம் மறுசுழற்சிக்குப் போன எடை 16 சதவீதம் கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுத் தோல்வி என்று யாரும் இதைக் காட்ட முடியாது.

எல்லைத்தெரு:
நான் இலக்கியம்பட்டி ஊராட்சிப் பக்கம் இருக்கிறேன். தர்மபுரி தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நகராட்சி எங்கே முடிகிறது, ஊராட்சி எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரனுக்குக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே சாலை, எதிரெதிர் வீடு. அந்தப் பக்கம் நகராட்சி வண்டி, இந்தப் பக்கம் ஊராட்சியின் தூய்மைக் காவலர் தள்ளிக்கொண்டு வருகிற மூன்று சக்கர வண்டி.

நகராட்சியில் மட்டும் பைக்குக் காசு என்று வைத்தால் என்ன ஆகும்? வண்டியில் வேலைக்குப் போகிறவர் ஒரு பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து எறிந்துவிட்டுப் போவார். இப்போதே காலி மனை ஒவ்வொன்றும் அப்படித்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குக் கட்டிகானப்பள்ளி எப்படியோ, தர்மபுரிக்கு நாங்கள் அப்படி. ஊரைச் சுற்றி இருக்கிற ஊராட்சிகளைச் சேர்க்காமல் எந்தத் திட்டம் போட்டாலும் குப்பை குறையாது, இடம் மட்டும் மாறும்.

அதியமான்மண்:
எல்லைத்தெரு சொல்வது நியாயம். கொரியா ஒரே நேரத்தில் நாடு முழுக்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பக்கத்து ஊரில் இலவசம் என்ற வழியே இல்லை. எனக்கு இப்போது தெரிய வேண்டியது, எடை போடுவதா பை விற்பதா என்பது. எடைதான் நேர்மை என்று தோன்றுகிறது. அமுக்கி ஏமாற்ற முடியாதே.

விடியற்காலை:
எடை போடுவதைப் பற்றி வண்டியோடு போகிறவர்களைக் கேட்டீர்களா அண்ணா? என் அம்மா தூய்மைப் பணியாளர். எந்த ஊர், எந்த வார்டு என்று வேண்டாம்.

ஒரு பேட்டரி வண்டிக்கு 300 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குத் தராசில் மாட்டி, எண்ணைப் பார்த்து, போனில் பதிவு செய்ய அரை நிமிடம் கூடுதலாக ஆகட்டும். மொத்தம் 150 நிமிடம், இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? மேஸ்திரி சாயங்காலம் கேட்பது எத்தனை வீடு முடிந்தது என்றுதான். எத்தனை கிலோ என்று இல்லை.

அப்புறம் சண்டை. "நேற்று ஒன்றரைக் கிலோ, இன்றைக்கு எப்படி மூன்று?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். மழையில் நனைந்த பை கனக்கும். இந்தச் சண்டை கமிஷனரோடு நடக்காது, கவுன்சிலரோடும் நடக்காது, அம்மாவோடுதான் நடக்கும்.

பை விற்றால் அந்தச் சண்டை கடைக்காரரோடு முடிந்துவிடும். வேண்டுமானால் பை. தராசு வேண்டவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
இந்த இழையில் இதுவரை வந்த பதிவுகளில் உருப்படியானது இதுதான். கொரியாவிலும் ஆள் வைத்து வாசலில் எடை போடுவதில்லை. உணவுக் கழிவுக்கு மட்டும் பல அடுக்ககங்களில் தொட்டியே எடை போட்டுக்கொள்ளும். அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டினதும் அந்த வீட்டுக் கணக்கில் ஏறும். ஒரு தொட்டிக்கு ஐம்பது, அறுபது வீடு இருந்தால் அந்தச் செலவு கட்டுப்படியாகும். குமாரசாமிப்பேட்டைத் தெருவில் தனித்தனி வீட்டுக்கு அதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

லைன்வீட்டு வாடகைக்காரன் (ஓசூர்):
நீங்கள் எல்லாரும் ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு பை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிற பையன்கள் எங்கே தங்குகிறார்கள் என்று பாருங்கள். ஒரே காம்பவுண்டில் வரிசையாகப் பத்து ரூம், ஒரு ரூமுக்கு நான்கு பேர், மொத்தத்துக்கும் வாசலில் ஒரு டிரம். யார் போட்டது யார் குப்பை என்று எவன் கண்டான்?

காசு வைத்தால் ஹவுஸ் ஓனர் வாடகையில் ஏற்றிவிடுவார். குறைத்துப் போடுகிறவனுக்கு எந்த லாபமும் இல்லை. குறைத்தவனுக்குப் பணம் மிச்சம் என்பதுதானே இந்தத் திட்டத்தின் உயிரே? லைன் வீட்டில் அது செத்துப்போகும்.

மாங்கொட்டை:
எடைக்குக் காசு என்றால் எங்கள் மாவட்டத்தில் மாம்பழ சீசனில் கலவரமே வரும். மே, ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் எந்த வீட்டு வாசலில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், தோலும் கொட்டையும்தான். தோட்டத்துக்காரர், சம்பந்தி, ஆபீஸ் நண்பர் என்று கூடை கூடையாக வருகிற பழம். சாப்பிட்டது பாதி, கொட்டை பாதி. சிப்ஸ் பாக்கெட்டாக வாங்கித் தின்று பை நிறையக் கவரை எறிகிறவனுக்கு எடையே வராது. மாம்பழம் தின்றவனுக்கு அபராதமா?

நம் ஊர்க் குப்பையில் பாதி மக்கும் குப்பைதான், அதுதான் கனம். எடை பார்த்தால் மக்கும் குப்பைக்குத் தண்டனை. பை பார்த்தால் மக்காததற்குத் தண்டனை. எதைத் தண்டிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அதியமான்மண்:
மாங்கொட்டை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பிரித்துக் கொடுத்தால் இலவசம், கலந்து கொடுத்தால் பைக்குக் காசு. மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுத்தால் அது நுண் உர மையத்துக்குப் போகும். பேப்பர், பாட்டில், இரும்பு பழைய பேப்பர் கடைக்கோ தூய்மைப் பணியாளருக்கோ போகும். மீதி எதிலும் சேராத அழுக்கு, அதற்கு மட்டும் கட்டணப் பை. தைபேயில் 2000 ஜூலையில் ஏறத்தாழ இப்படித்தான் செய்தார்கள். அதற்கு முன் அங்கே குப்பைக் கட்டணம் தண்ணீர் பில்லோடு வந்தது. அதைத் தூக்கிவிட்டு, பை வாங்கினால் போதும் என்றார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, பழைய கட்டணத்தைத் தூக்கிய பிறகுதான் புதியது வந்தது. நம் ஊரில் செய்தால் பழைய வரியும் இருக்கும், பைக்காசும் வரும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பயம் எனக்கும் உண்டு.

பழையபேட்டைக்காரன்:
தைபேயைச் சொன்னீர்கள், அங்கே போலிப் பை அச்சடித்து விற்றுப் பிடிபட்ட கதையையும் சொல்லியிருக்கலாம். நம்மாட்கள் அந்தத் தொழிலை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள்.

ஹாங்காங் என்ன ஆனது என்று யாரும் பேசவில்லையே. பல வருடம் பேசி, சட்டமும் போட்டு, 2024 ஏப்ரல் 1 என்றார்கள். பிறகு ஆகஸ்ட் 1 என்று தள்ளினார்கள். 14 இடங்களில் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். மே மாதமே மொத்தத் திட்டத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மக்கள் எதிர்ப்பு, பிரித்துப் போட வசதி போதவில்லை, துப்புரவு வேலை செய்பவர்களுக்கு வேலை கூடும் என்ற குறை. காசும் ஆளும் கண்காணிப்பும் உள்ள ஊர் அது. நம்மிடம் என்ன இருக்கிறது?

சாந்தாக்கா வீட்டு மாடி:
ஒரு விஷயம் கேட்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் படுக்கையில் இருக்கிற மாமனார். பெரியவர் டயப்பர் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு ஆகும். கைக்குழந்தையும் இருக்கிறது. இது எந்த வண்ணத் தொட்டியிலும் மறுசுழற்சிக்குப் போகாது. எடை பார்த்தாலும் பை பார்த்தாலும் தெருவிலேயே அதிகப் பணம் கட்டுவது நாங்கள்தான். மருந்துச் செலவோடு இதுவுமா?

விடியற்காலை:
அக்கா, நீங்கள் அதைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுத்தாலே அம்மா போன்றவர்கள் உங்களைக் கும்பிடுவார்கள். 2016 திடக்கழிவு விதிகளிலேயே அதைத்தான் சொல்லியிருந்தார்கள். நாப்கின், டயப்பரை உற்பத்தியாளர் கொடுக்கிற உறையிலோ வேறு தாளிலோ பத்திரமாகச் சுற்றித் தர வேண்டும். உறை கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. எத்தனை பாக்கெட்டில் உறை வருகிறது என்று நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலும் சுற்றாமல் சாப்பாட்டுக் குப்பையோடு கலந்து கிடப்பதைக் கையால் எடுக்க வேண்டியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கொரியாவில் அரசு உதவி பெறும் ஏழைக் குடும்பங்களுக்குப் பை இலவசமாகத் தருகிறார்கள். அதே மாதிரி படுக்கை நோயாளி, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் மாதம் இத்தனை பை என்று ரேஷன் கார்டைப் பார்த்துக் கொடுக்கலாம். செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், அதிகாரியின் மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

பந்தி:
சமையல் ஒப்பந்தம் எடுக்கிறவன். நீங்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், மண்டபத்துப் பின்பக்கம் வந்து பாருங்கள்.

முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தில் ராத்திரி, காலை, மதியம் என்று மூன்று பந்தி. ஆயிரம் இலைக்கு மேல், இலையில் மிச்சம் வைத்த சோறு, பேப்பர் கப், கால் லிட்டர் தண்ணீர் பாட்டில். பாதி குடித்துவிட்டு வைத்த பாட்டில்தான் அதிகம். மண்டப வாடகையோடு கிளீனிங் சார்ஜ் என்று ஒரு தொகை முன்னாலேயே வாங்கிவிடுவார்கள். 200 பேர் வந்தாலும் ஒரே தொகை, 1,500 பேர் வந்தாலும் ஒரே தொகை. பெண் வீட்டாருக்குக் குறைக்க வேண்டும் என்று தோன்றவே தோன்றாது, கட்டிய பணம் கட்டியதுதானே.

கிலோவுக்கு இவ்வளவு என்று வைத்துப் பாருங்கள். முதல் வேலையாக நானே பாட்டிலை நிறுத்திவிட்டு ஜக்கும் எவர்சில்வர் டம்ளரும் வைத்துவிடுவேன். பேப்பர் கப்புக்குப் பதில் டபரா. மிச்சச் சோற்றைப் பன்றி வளர்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லித் தனி டிரம்மில் வைத்துவிடுவேன். இப்போதும் சிலர் வந்து எடுக்கிறார்கள், ஆனால் பிளாஸ்டிக் கலந்து கிடந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். செலவு என் கையை விட்டுப் போகிறது என்றால் எனக்குப் புத்தி வரும். வீட்டு அம்மா ஒரு நாளைக்கு அரைக் கிலோ குறைப்பதற்கும் நான் ஒரு ராத்திரியில் குறைப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அதியமான்மண்:
பந்தி அண்ணா, இது எனக்கு வேறு கதவைத் திறந்துவிட்டது. 2016 விதிகளில் ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடத்தைப் பெருங்கழிவு உற்பத்தியாளர் என்றார்கள். மண்டபம், ஓட்டல், பெரிய ஆஸ்பத்திரி, விடுதி எல்லாம் அதில் வரலாம். ஒரு ஊரில் இவர்கள் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணுகிற அளவு. தராசு வைக்கலாம், ராத்திரி மூட்டை கட்டி எறிய முடியாது, பெயர்ப்பலகை இருக்கிறது. விடியற்காலை சொன்ன இரண்டரை மணி நேரப் பிரச்சினையும் இங்கே இல்லை.

லைன்வீட்டு வாடகைக்காரன்:
எங்கள் காம்பவுண்ட் மாதிரி இடங்களையும் ஹவுஸ் ஓனர் பெயரில் அதே பட்டியலில் சேருங்கள். அவர் தனித்தனி டிரம் வைத்துக் கொடுத்தால் நாங்கள் பிரித்துப் போடத் தயார். இப்போது பிரித்துப் போட்டாலும் ஒரே டிரம்மில்தான் போய் விழுகிறது.

பென்னாகரத்தான்:
எங்கள் பக்கம் கிராமத்தில் குப்பை வண்டி என்ற பேச்சே கொஞ்ச வருடமாகத்தான். வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருக்கும். சாணி, சாம்பல், கூளம் எல்லாம் அதில். வருடத்துக்கு ஒரு முறை வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு அடிப்போம். குப்பை அடிக்கக் கூலி கொடுத்தது உண்டு, குப்பை போடக் காசு கொடுத்தது இல்லை. இப்போது எருக்குழியிலும் பால் கவர், ஷாம்பு சாஷே, குர்குரே கவர். அதனால் கொளுத்திவிடுகிறார்கள்.

நீங்கள் ஏரியில் கொட்டுவதையே பேசுகிறீர்கள். கிராமத்தில் பைக்குக் காசு வைத்தால் கொட்ட மாட்டார்கள், கொளுத்துவார்கள். 2016 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் என்றால் 25,000 ரூபாய் என்று சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் அந்த அபராதம் கட்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் புகையை மட்டும் பார்க்கிறேன்.

மாங்கொட்டை:
கவர் விற்கிற கம்பெனிக்காரனிடம் ஏன் யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் புரியாத ஒன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கில் பல வகைக்குத் தடை. டீக்கடைக்காரர் கேரி பேக் கொடுத்தால் அபராதம், மஞ்சப்பை எடுத்து வா என்று நமக்குப் பிரச்சாரம். சாஷே மட்டும் சரம் சரமாகப் பெட்டிக்கடையில் தொங்குகிறது.

கணக்குப்பிள்ளை:
அது தனி இழைக்கான விஷயம், ஆரம்பியுங்கள், வருகிறேன்.

இங்கே இன்னொரு மாதிரியைச் சொல்லிவிடுகிறேன். புனேயில் குப்பை பொறுக்குபவர்களே சேர்ந்து ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பை நடத்துகிறார்கள். வாசலுக்கு வருகிறவரே மாதக் கட்டணத்தை வீட்டில் வாங்கிக்கொள்வார், விற்கிற பொருளின் காசும் அவருக்கே. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்களும் வீட்டில்தான் கட்டணம் வாங்குகிறார்கள். இரண்டிலும் அளவு பார்த்துக் காசு இல்லை, மாதத்துக்கு ஒரே தொகை. ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பது முகத்துக்கு நேராகத் தெரிகிறது. வண்டி வரவில்லை என்றால் கேட்க ஆள் இருக்கிறது. சொத்து வரி ரசீதில் இருக்கிற வரியிடம் போய் எதைக் கேட்பது?

விடியற்காலை:
நல்ல மாதிரிதான். ஆனால் சம்பளத்தை ஒழுங்காக வாங்குவதற்குப் பதில் வீடு வீடாகப் போய் வாங்கு என்று ஒப்பந்தக்காரர் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது. "அடுத்த மாதம் வாம்மா" என்று பத்து வீட்டில் சொன்னால் அம்மா என்ன செய்வார்? சம்பளம் தனி, கட்டணம் தனி என்றால் சரி.

பழையபேட்டைக்காரன்:
சரி, இறங்கி வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பைக்காசு என்பதை நான் இப்போதும் எதிர்க்கிறேன். தினமும் ஒரே நேரத்துக்கு வண்டி வரட்டும், பிரித்துக் கொடுத்ததை வண்டியிலேயே கலக்காமல் எடுத்துப் போகட்டும், ஒரு வருடம் அப்படி ஓடட்டும். அப்புறம் காசைப் பற்றிப் பேசுங்கள். மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் தராசு வைப்பதென்றால் நாளைக்கே வையுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அதிலும் மண்டபம் யாருடையது என்று பார்த்துவிட்டுத் தராசைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும்.

அதியமான்மண்:
அப்படியே மனுவாக எழுதுகிறேன். பெருங்கழிவு போடும் இடங்களின் பட்டியலை நகராட்சி வெளியிட வேண்டும், லைன் வீடுகள் உட்பட. அவர்களுக்குக் கிலோ கணக்கில் கட்டணம், பிரித்துக் கொடுத்தால் மக்கும் குப்பைக்குச் சலுகை. வந்த பணம் எங்கே போனது என்று வார்டு அலுவலகப் பலகையில் மாதாமாதம் எழுத வேண்டும். வீடுகளுக்கு இப்போது எதுவும் மாற்ற வேண்டாம். நகராட்சி வார்டு மக்கள் கூடுகிற பகுதி சபாக் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்?

எல்லைத்தெரு:
எங்களுக்குப் பகுதி சபா கிடையாது, கிராம சபைதான். ஆனால் நவம்பர் 1 உள்ளாட்சி நாள், அன்றைக்குக் கிராம சபை கூடும். 2022-இல் பகுதி சபா முதலில் கூடியதும் அதே தேதியில்தான். ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஒரே தீர்மானத்தை வைத்தால், எங்கள் பக்கம் இருக்கிற இரண்டு மண்டபமும் "நாங்கள் ஊராட்சி எல்லை" என்று தப்பிக்க முடியாது. மனுவின் நகலை இங்கேயே போடுங்கள், ஊராட்சிக்கு ஏற்ற மாதிரி தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

பந்தி:
நவம்பர் 1 முகூர்த்தமா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முகூர்த்தம் என்றால் என் கையெழுத்தை முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.